ஒலிம்பிக் லிஃப்ட் வகைகளில் எதை எடுப்பது? போட்டிக்கு இல்லை, பலத்துக்கு, மூட்டும் தாங்கணும்

மெதுவான_பார் கேட்டது:

போட்டிக்குப் போகிற எண்ணம் இல்லை. பொதுவான பலமும் கொஞ்சம் வேகமும் இருந்தால் போதும். வயசு 38. வாரம் 3 நாள், ஒரு நாளைக்கு 1 மணி நேரம் ஒதுக்க முடியும். ஃப்ரண்ட் ஸ்குவாட் (பாரைத் தோளின் முன்பக்கம் வைத்து உட்கார்ந்து எழுவது) 90 கிலோ, டெட்லிஃப்ட் 140, நின்றபடி பிரஸ் 55.

தொல்லை மூன்று இடத்தில். க்ளீனை (பாரைத் தரையிலிருந்து தோளுக்குத் தூக்குவது) வாங்கும்போது, அதாவது பாரைத் தோளில் ஏற்றுப் பிடிக்கும்போது, மணிக்கட்டு பின்னால் மடங்கி வலிக்கிறது. ஸ்நாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) செய்கிற அகலமான பிடியில் பாரைத் தலைக்கு மேல் பூட்டினால் வலது தோளின் முன்பக்கம் சுருக்கென்று கிள்ளுகிறது. முழு ஆழத்தில் உட்கார்ந்து வாங்கினால் மறுநாள் முழங்கால் இறுக்கம். ரப்பர் ப்ளேட்டும் மேடையும் உண்டு, பிளாக் (பாரை உயர்த்தி வைக்கும் கட்டை) கிடையாது.

பவர் க்ளீன், ஹேங் க்ளீன், ஹை புல், மஸில் ஸ்நாட்ச், புஷ் பிரஸ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இதில் எந்த இரண்டு மூன்றை எடுத்தால் பலமும் வரும், மூட்டும் பிழைக்கும்? புல் மட்டுமே போதும் என்கிறவர்களும் உண்டு, அது வேலையைப் பாதியில் விடுவது என்கிறவர்களும் உண்டு.

இரண்டாம்_இழுப்பு:

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். எல்லாப் பெயரும் மூன்றே விஷயத்தைத்தான் சொல்கின்றன: பார் எங்கிருந்து கிளம்புகிறது, எவ்வளவு ஆழத்தில் வாங்குகிறோம், கடைசியில் எங்கே போய் நிற்கிறது. "ஹேங்" என்றால் தரையில் வைக்காமல் கையில் தொங்கவிட்டு, தொடையிலோ முழங்காலுக்குச் சற்றுக் கீழோ இருந்து தொடங்குவது. "பவர்" என்றால் தொடை தரைக்கு இணையாக இறங்குவதற்கு முன்பே வாங்கி நிறுத்துவது. "மஸில்" என்றால் நிமிர்ந்த பிறகு முழங்காலை மறுபடி மடக்கவே கூடாது. "புல்" என்றால் வாங்குவதே இல்லை.

கிளம்பும் உயரம் கீழ்முதுகையும் இடுப்பையும் சோதிக்கும். ஆழம் முழங்காலையும் கணுக்காலையும் சோதிக்கும். முடிகிற இடம் மணிக்கட்டு, முழங்கை, தோள் மூன்றையும் சோதிக்கும். எந்த மூட்டு முரண்டு பிடிக்கிறதோ அதற்கு உரியதை மட்டும் மாற்றினால் போதும், லிஃப்டையே கைவிட வேண்டியதில்லை.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மூன்று வலியும் வாங்கும் இடத்தில்தான் இருக்கிறது. இழுக்கும்போது ஒரு குறையும் சொல்லவில்லை. அதனால் முதல் தேர்வு க்ளீன் புல், தரையிலிருந்து. பார் முழங்காலைத் தாண்டிய பிறகு இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒருசேர நிமிர்கிற அந்தக் கண நேர வீச்சில்தான் ஒலிம்பிக் லிஃப்டின் பவர் முழுவதும் இருக்கிறது. வாங்குவதை வெட்டிவிட்டாலும் அது அப்படியே மிஞ்சுகிறது. போட்டியாளருக்கு வாங்குவதுதான் மதிப்பெண். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

70 கிலோவில் தொடங்குங்கள். 3 ரெப் (தடவை) வீதம் 5 செட் (சுற்று), நடுவில் 2 நிமிடம் ஓய்வு. பார் முழங்கால் சில்லைத் தாண்டும்போது தோள் பாருக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும், பாதம் முழுவதும் தரையில் அழுந்தியிருக்க வேண்டும், முன்னங்கால் எலும்பு கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக வந்திருக்க வேண்டும். அங்கிருந்து பார் தொடையை உரசிக்கொண்டு மேலே வரும், மேல் தொடையைத் தொட்டதும் முழு நிமிர்வு. கை கயிறு மாதிரி. நிமிர்ந்த வேகத்தில் முழங்கை தானாக மடங்கி பார் பெல்ட் உயரத்துக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் நீங்கள் செய்வது டெட்லிஃப்ட். 5 கிலோ இறக்குங்கள். ஐந்தாவது செட்டின் கடைசி ரெப்பிலும் பெல்ட் வரை வந்தால் அடுத்த வாரம் 2.5 கிலோ ஏற்றலாம்.

அதிகம் கெடுவது இரண்டு இடத்தில். இடுப்பு நிமிர்வதற்கு முன்பே முழங்கையை மடக்கிக் கையால் இழுப்பது. இதில் சுமை முழங்கையின் உட்பக்கத்துக்குப் போய்விடும், உயரமும் குறையும். இன்னொன்று பார் தொடையை விட்டு விலகி முன்னால் ஓடுவது. எடை முன்பாதத்துக்குப் போகும், மறுநாள் கீழ்முதுகு சொல்லிக் காட்டும்.

ஹை புல்லை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். முழங்கையை உயர்த்திக் கையைக் கீழே தொங்கவிடும் அந்த நிலையில் மேற்கை உட்பக்கமாகத் திரும்பியபடியே மேலே போகிறது. தோளின் முன்பக்கம் ஏற்கெனவே கிள்ளுகிறவருக்கு அது தேவையில்லாத வம்பு.

ரேக்_ஓரம்:

மேல சொன்ன புல் சரிதான். ஆனா மணிக்கட்டு வலிக்குதுன்னு க்ளீனை மொத்தமா மூட்டை கட்ட வேண்டாம். நிறைய பேருக்கு வலி மணிக்கட்டுல இருந்தாலும் குத்தம் அங்க இல்லை. பார் உட்கார வேண்டியது தோள் மேல, கையில இல்லை. கை அதைத் தாங்கப் பார்க்குது, அதான் மணிக்கட்டு மடங்குது.

ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. ரேக்ல வெறும் பாரை வச்சு, கையை ரெண்டையும் முன்னால நீட்டிட்டு, தோளோட முன்சதைக்கும் கழுத்துக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துல பாரை ஏத்திக்கோங்க. தொண்டையை லேசா தொடணும், அமுக்கக் கூடாது. அப்படியே கையைப் பிடிக்காம 3 ஸ்குவாட். பார் உருளாம நிக்குதுன்னா தோள்ல இடம் இருக்கு. இப்ப ரெண்டு விரலை மட்டும் பாருக்கு அடியில கொடுங்க, ஆள்காட்டியும் நடுவிரலும். மேற்கை தரைக்கு இணையா, முழங்கை முன்னால பார்க்கணும். இந்த நிலையில மணிக்கட்டு வலிக்கலைன்னா, உங்க வலிக்குக் காரணம் பாரை இறுக்கிப் பிடிச்சபடியே வாங்குறதுதான். க்ளீன்ல பார் தோளுக்கு வர்ற நேரத்துல பிடியை விட்டு விரல் நுனிக்குக் கொண்டுபோகணும். ஹூக் கிரிப்ல (கட்டைவிரலை மத்த விரலுக்கு அடியில மடக்கிப் பிடிக்கிறது) இழுத்தா கட்டைவிரலையும் அப்பவே விடுவிக்கணும். விடாம வாங்கினா கட்டைவிரலும் மணிக்கட்டும் சேர்ந்து மாட்டிக்கும்.

ரெண்டு விரல்லயும் வலிச்சா, இறுக்கம் வேற எங்கேயோ. பெரும்பாலும் மேற்கையோட பின்சதை, அக்குளுக்குக் கீழ இருக்கிற பக்கமுதுகுச் சதை, இல்லைன்னா மேல்முதுகு நிமிர மறுக்குறது. மேற்கையை விட முன்னங்கை நீளமா இருக்கிறவங்களுக்குக் குறுகின பிடி எந்தக் காலத்திலும் ஒத்துவராது. பிடியை ஒரு பக்கத்துக்கு ஒரு விரல் அகலம் வெளியே தள்ளுங்க, அப்புறம் இன்னொரு விரல். நிறைய பேருக்கு இதுலயே தீர்ந்துடும். அதுவரைக்கும் ஃப்ரண்ட் ஸ்குவாட்டுக்கு பார்ல ரெண்டு ஸ்ட்ராப் சுத்தி, வாரைப் பிடிச்சுக்கிட்டு பண்ணலாம். க்ளீனுக்கு இந்த வேலை ஆகாது, பார் மேல வரும்போது கை மாட்டிக்கும்.

ஒண்ணு மட்டும் கறாரா சொல்லணும். முழங்கை தாழ்வா இருக்கிறவங்க முழு ஆழத்துல க்ளீன் வாங்கவே கூடாது. கீழ உட்காரும்போது முழங்கை தொடையில முட்டும், மேல இருந்து பார் இறங்கிட்டே இருக்கும், நடுவுல இருக்கிறது மணிக்கட்டு. எலும்பு முறியற விபத்து இப்படித்தான் வரும். முழங்கை உயரமா நிக்கிறவரை பவர் க்ளீனோட நிறுத்திக்குங்க.

அப்புறம் பாரையும் பாருங்க. ரேக்ல வச்சு ப்ளேட் மாட்டுற முனையைக் கையால ஒரு சுத்து சுத்தி விடுங்க. ரெண்டு மூணு சுத்தாவது தானா ஓடணும். அரை சுத்துல நின்னுட்டா, நீங்க கையைத் திருப்பும்போது ப்ளேட்டும் சேர்ந்து திரும்பப் பார்க்கும், அந்த முறுக்கு நேரா மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் வரும். முனைக்குள்ள அழுக்கு, சுண்ணாம்புப் பொடி சேர்ந்திருந்தா துடைச்சு லேசான எந்திர எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டாலே மாற்றம் தெரியும். பவர்லிஃப்டிங் பார் பொதுவா 29 மி.மீ. தடிமன், முனை கொஞ்சம்தான் சுத்தும். ஒலிம்பிக் லிஃப்டுக்கான ஆண்கள் பார் 28, பெண்கள் பார் 25. சின்ன கைக்கு 15 கிலோ பெண்கள் பாரை எடுக்கிறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை, பிடி விடவும் சுழலவும் சுலபம்.

சுண்ணாம்புக்கை:

தோளைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை.

சுவரில் முதுகைச் சாய்த்து, பாதத்தை ஒரு அடி முன்னால் வைத்து, கீழ்முதுகையும் சுவரில் அழுத்திக்கொண்டு, நேரான கைகளைத் தலைக்கு மேல் கொண்டுபோங்கள். கட்டைவிரல் சுவரைத் தொட்டால் தோளுக்கு இடம் உண்டு. தொடுவதற்காக விலா எலும்பு முன்னால் பிதுங்கினால், தோளில் இல்லாத அசைவை முதுகில் கடன் வாங்குகிறீர்கள். அந்த நிலையில் ஓவர்ஹெட் ஸ்குவாட்டும் (பாரைத் தலைக்கு மேல் பிடித்தபடி உட்கார்ந்து எழுவது) ஸ்நாட்சும் தேவையில்லை. பொதுப் பலத்துக்கு ஸ்நாட்ச் கட்டாயம் என்று எந்த விதியும் இல்லை.

அசைவு இருந்தும் கிள்ளுகிறது என்றால் முதலில் பிடியின் அகலத்தைச் சரிபாருங்கள். நிமிர்ந்து நின்று பாரைத் தொங்கவிட்டால் அது இடுப்பு மடிப்பில், அதாவது காலைத் தூக்கினால் தோல் மடிகிற கோட்டில், இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் பிடி குறுகல், மேலே போனால் அதிக அகலம். பிறகு தலைக்கு மேல் பூட்டும்போது தோள்களைக் காதுப் பக்கம் சற்றே உயர்த்தித் தாங்க வேண்டும். தோளைக் கீழே இறக்கி வை என்று எங்கோ கேட்டுவிட்டு அதையே தலைக்கு மேலும் செய்கிறவர்களுக்குத்தான் இந்தக் கிள்ளல் அதிகம், ஏனென்றால் கை உயரும்போது தோள்பட்டை எலும்பும் கூடவே மேல்நோக்கித் திரும்பியாக வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று, ஒரு கை டம்பெல் ஹேங் ஸ்நாட்ச். கை தனக்கு வசதியான கோணத்தில் திரும்பிக்கொள்ளும், பார் மாதிரி இரண்டு கையையும் ஒரே கோட்டில் கட்டிப்போடாது. 15 கிலோவில் ஒரு பக்கத்துக்கு 4 ரெப், 4 செட். வலி உள்ள பக்கத்தின் கணக்கை வைத்தே நல்ல பக்கத்தையும் நிறுத்துங்கள். டம்பெல் உடலை விட்டு வளைந்து வெளியே போனால் கடைசியில் தோளைப் பின்னால் இழுத்துவிடும். சட்டைப் பொத்தான் வரிசை ஓரமாகவே மேலே போக வேண்டும்.

மற்றது புஷ் பிரஸ், அதாவது முழங்காலை லேசாக மடக்கி உந்திப் பாரைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது. பிரஸ் 55 என்றால் 45 கிலோவில் 3 ரெப், 5 செட்டில் ஆரம்பிக்கலாம். முழங்காலை மடக்குவது உங்கள் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். குதிகால் தரையில், முதுகு நேராகக் கீழே இறங்கி நேராக மேலே. இறங்கும்போது இடுப்பு பின்னால் போனால் பார் முன்னால் பறக்கும், அதைத் துரத்திப் பிடிக்கும் வேலை தோளுக்கு வந்து சேரும். பார் நெற்றியைத் தாண்டியதும் தலையை உள்ளே கொண்டுவாருங்கள். நெஞ்சை வானத்துக்குத் திருப்பாதீர்கள். ஒலிம்பிக்கில் ஒரு காலத்தில் பிரஸும் மூன்றாவது லிஃப்டாக இருந்தது. ஆட்கள் பின்னால் வளைந்து வளைந்து அது ஏறத்தாழ நின்றபடி செய்யும் பெஞ்ச் பிரஸாகிவிட, நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாமல் 1972 மியூனிக்கோடு அதை நீக்கினார்கள். அந்த வளைவின் கூலியைக் கீழ்முதுகுதான் கொடுக்கும்.

ஹேங் என்றால் முதுகுக்குச் சுலபம் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. தரையிலிருந்து தூக்கும்போது முதுகு உருள்கிறவருக்கு அது உதவும், சரி. ஆனால் ஹேங்கில் ஒவ்வொரு ரெப்புக்கும் பாரைத் தோளிலிருந்து தொடைக்கு இறக்கிப் பிடிக்க வேண்டும், பிறகு குனிந்த நிலையில் தாங்கவும் வேண்டும். 5 ரெப் செய்தால் முதுகும் பிடியும்தான் முதலில் சோரும். அதனால் ஹேங்கில் 2 ரெப், மிஞ்சினால் 3. பிளாக் இல்லாதவர்கள் பக்கத்துக்கு இரண்டு ரப்பர் ப்ளேட்டைப் படுக்க வைத்து அதன்மேல் பாரின் ப்ளேட்டை நிறுத்தலாம். கிளம்பும் உயரம் கிடைத்துவிடும், இறக்கிப் பிடிக்கும் வேலையும் இல்லை. உருண்டு விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், போடும்போது அதன்மேலேயே போட வேண்டாம்.

மெதுவான_பார்:

ரெண்டு விரல் சோதனை செய்து பார்த்தேன், வலிக்கவில்லை. அப்படியானால் பிடியை விடாததுதான் காரணம் போல. சுவர் சோதனையில் வலது கட்டைவிரல் சுவருக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றுவிடுகிறது. ஸ்நாட்சைத் தள்ளி வைத்துவிட்டேன்.

முழங்கால்? பவர் க்ளீன்தான் முழங்காலுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? வாரத்துக்கு எப்படிப் பிரிப்பது?

கணுக்கால்:

அவ்வளவு நேரடியாக இல்லை. முழு க்ளீனில் இறங்கிக்கொண்டே பாரின் வேகத்தைக் கரைக்க நீளமான தூரம் கிடைக்கிறது. பவர் க்ளீனில் அதே வேலையைக் கால்வாசி ஸ்குவாட்டில், சட்டென்று பிரேக் போட்டு முடிக்க வேண்டும். எடை குறைவாக இருப்பதால்தான் அது பலருக்குச் சுகமாகத் தெரிகிறது. முழு க்ளீனில் தூக்குவதில் 75 முதல் 85 சதவீதம்தான் பவர் க்ளீனில் சாதாரணமாகப் போகும். அந்த எல்லையைத் தாண்டி முக்க ஆரம்பித்தால் கால் இரண்டும் அகலமாகத் தெறித்து விழும், முழங்கால் உள்பக்கம் சாயும். முழங்காலின் உட்புற வலிக்கு நான் முதலில் பார்ப்பது அந்தப் பாதங்களைத்தான்.

மேடையில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று கிளம்பும் இடத்தில் பாதத்தின் வெளி ஓரம், மற்றது ஃப்ரண்ட் ஸ்குவாட்டுக்கு நிற்கும் அகலத்தில். வாங்கும் பாதம் இரண்டாவது கோட்டைத் தாண்டினால் அந்த ரெப்புக்கு எடை அதிகம். குதிகாலைப் பின்னால் உதைத்து "டமார்" என்று மேடையை மிதிப்பது பார்க்க ஜோராக இருக்கும். அந்தக் கால் காற்றில் இருக்கும் நேரமெல்லாம் பார் உங்களை முந்திக்கொண்டு கீழே வருகிறது. பாதம் தரையை ஒட்டியே நகரட்டும்.

வாங்கும்போது முழங்கால் ஏற்கெனவே மடங்கத் தொடங்கியிருக்க வேண்டும். விறைப்பான காலில் வாங்கி, பிறகு மடக்குவதுதான் முழங்காலுக்கு மோசம். உங்களுக்கு நல்ல பயிற்சி: 40 கிலோவில் ஹேங் பவர் க்ளீன், வாங்கிய உயரத்தில் ஒரு கணம் நின்று, அங்கிருந்து நிதானமாக ஃப்ரண்ட் ஸ்குவாட்டில் இறங்கி எழுவது. ஆழமும் கிடைக்கும், ஆழத்தில் அடியும் விழாது.

மறுநாள் இறுக்கத்துக்குக் கணுக்காலும் காரணமாக இருக்கலாம். காலணி இல்லாமல் சுவரைப் பார்த்து, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் 10 செ.மீ. இடைவெளி வைத்துத் தொட முடிந்தால் போதும். முடியாதவர்களுக்குக் குதிகால் சுமார் 2 செ.மீ. உயர்ந்த லிஃப்டிங் ஷூ உடனே உதவும், கெண்டைக்கால் நீட்சி மெல்ல உதவும். ஓட்டத்துக்கான மெத்து ஷூ வேண்டாம், வாங்கும்போது பக்கவாட்டில் அமுங்கும்.

முழங்கால் வீங்கினாலோ, நடுவில் சிக்கிக்கொண்டாலோ, கை மரத்துப்போனாலோ இந்தத் திரியை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இரண்டாம்_இழுப்பு:

பவர் க்ளீன் விஷயத்தில் கணுக்கால் சொல்வதை ஏற்கிறேன். புல் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். பலத்துக்குப் போதும். வந்து விழும் சுமையைத் தாங்கி நிறுத்தும் பழக்கம் அதில் கிடைக்காது. அதனால் கொஞ்சமாவது வாங்குவது நல்லது, எடை ஏற்றுவதைப் புல்லில் வைத்துக்கொண்டு வாங்குவதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் க்ளீன் புல் 5 செட், பிறகு ஃப்ரண்ட் ஸ்குவாட் 70 கிலோவில் 4 ரெப், 4 செட், கடைசியில் ஏதாவது ஒரு ரோ (எடையை வயிற்றுப் பக்கம் இழுப்பது). இரண்டாம் நாள் புஷ் பிரஸ், அதன் பிறகு ருமேனியன் டெட்லிஃப்ட் 80 கிலோவில் 6 ரெப், 3 செட். (முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிப் பாரை இறக்கி எழுவது. 1984 ஒலிம்பிக் சாம்பியன், ருமேனியாவின் நிக்கு விளாட் செய்து காட்டியதால் அமெரிக்காவில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தொடையின் பின்சதைக்கு இதைவிட நல்லது குறைவு.) மூன்றாம் நாள் கணுக்கால் சொன்ன ஹேங் பவர் க்ளீனும் ஃப்ரண்ட் ஸ்குவாட்டும் சேர்ந்தது, 2 ரெப் வீதம் 6 செட், பிறகு டம்பெல் ஸ்நாட்ச். நேரம் மிஞ்சினால் புல்-அப்.

வேகமான லிஃப்ட் எப்போதும் முதலில். ஸ்குவாட் முடித்த காலோடு க்ளீன் போடாதீர்கள். வெறும் பாரில் 2 செட், பிறகு 10 கிலோ வீதம் ஏற்றி வேலை எடைக்கு வாருங்கள். வாங்கும் லிஃப்டில் எடை ஏற்றுவதை 3 வாரத்துக்கு ஒருமுறை மட்டும் யோசியுங்கள், அதுவும் 12 ரெப்பிலும் பாதம் சுண்ணாம்புக் கோட்டுக்குள் விழுந்திருந்தால். மறுநாள் காலை மூட்டு வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் எடையைக் குறைப்பதோடு நிற்காமல் ஒரு படி பின்னால் போங்கள்: ஹேங் பவர் க்ளீனுக்குப் பதில் புல், புஷ் பிரஸ்ஸுக்குப் பதில் டம்பெல் பிரஸ்.

ரேக்_ஓரம்:

ஒரு சின்ன சேர்க்கை. ரப்பர் ப்ளேட் இருக்குன்னீங்க, அப்ப புஷ் பிரஸ் கடைசி ரெப்பை மெதுவா தோளுக்கு இறக்கிப் பாடுபட வேண்டாம், முன்னால விட்டுடுங்க. இடுப்பு உயரம் வரை கை பார் மேலேயே கூட வரட்டும், அப்பதான் துள்ளி முழங்கால்ல மோதாது. நடு ரெப்புல தோளுக்கு இறக்கும்போது பார் தொடுற அதே நேரத்துல முழங்காலையும் லேசா மடக்கி வாங்கணும், இல்லைன்னா கழுத்தெலும்பு மேல நங்குன்னு விழும். வெறும் பாரை மட்டும் எப்பவும் கையாலயே கீழ வைங்க. ப்ளேட் இல்லாம போட்டா முனை நேரா தரையில இடிச்சு உள்ள இருக்கிற பேரிங் போயிடும், அப்புறம் மணிக்கட்டு வலின்னு இதே திரிக்குத் திரும்பி வருவீங்க.